வாசகர் கேள்வி பதில்: கம்பியின் கணக்கும் கார்பன் வரியும்

சென்ற இதழில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரி (வெளிநாட்டுச் சரக்கைத் தயாரிக்கும்போது வெளியான கரியமிலவாயுவுக்காக, அதை இறக்குமதி செய்பவர் செலுத்தவேண்டிய கட்டணம்) பற்றி இரண்டே வாக்கியத்தில் ஒரு பதில் எழுதியிருந்தேன். அந்தச் சிறு பதில் தீர்த்துவைத்த சந்தேகத்தைவிடக் கிளப்பிவிட்ட சந்தேகமே அதிகம் என்பதை அதன்பின் வந்த கடிதங்கள் காட்டுகின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். தொழில் விவரங்கள் அடங்கியிருப்பதால் வாசகர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் போல்ட், நட்டு தயாரித்து ஜெர்மனிக்கு அனுப்புகிறோம். அங்குள்ள வாடிக்கையாளர் பெரிய எக்செல் தாள் ஒன்றை அனுப்பி, பத்து நாளில் நிரப்பித் தராவிட்டால் அடுத்த ஆர்டர் சந்தேகம் என்கிறார். இந்த வரியை நாங்களா கட்டவேண்டும்? கட்டுவதானால் எங்கே?
— வாசகர், அம்பத்தூர்

நீங்கள் எங்கேயும் கட்டவேண்டியதில்லை. தொழில் வட்டாரத்தில் எல்லோரும் 'சிபாம்' (CBAM) என்று சொல்லும் இந்த ஏற்பாட்டில் சட்டப்படியான பொறுப்பு முழுவதும் ஐரோப்பிய இறக்குமதியாளருடையது. 2023இல் நிறைவேறிய இந்தச் சட்டத்தின்படி, 2023 அக்டோபர் 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை அவர் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை மட்டும் கொடுத்தால் போதுமானதாக இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் இறக்குமதியாகும் சரக்குக்கு அவர் கார்பன் சான்றிதழ்களை, ஒரு டன் கரியமிலவாயுவுக்கு ஒன்று என்ற கணக்கில், விலைகொடுத்து வாங்கி ஒப்படைக்கவேண்டும். அந்தச் சான்றிதழ்களின் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடங்குகிறது. 2026ஆம் ஆண்டுக்கான கணக்கை அவர் 2027 செப்டம்பர் 30க்குள் தாக்கல் செய்யவேண்டும். ஒப்படைக்கத் தவறினால் டன் கரியமிலவாயுவுக்கு 100 யூரோ அபராதம் உண்டு, அபராதம் கட்டியபிறகும் சான்றிதழ் ஒப்படைக்கும் கடமை நீங்காது.

அப்படியானால் உங்களை ஏன் நெருக்குகிறார்? ஒரு டன் போல்ட்டை உருவாக்குவதில் எத்தனை டன் கரியமிலவாயு வெளியானது என்ற கணக்கு அவரிடம் இல்லை, உங்களிடமும் உங்களுக்குக் கம்பி விற்றவரிடமும்தான் இருக்கிறது. உண்மைக் கணக்கு கிடைக்காவிட்டால், ஐரோப்பிய ஆணையம் ஒவ்வொரு நாட்டுக்கும் பொருளுக்கும் வகுத்துள்ள உத்தேச அளவை அவர் பயன்படுத்தவேண்டியிருக்கும். அந்த உத்தேச அளவின்மேல் இரும்புப் பொருள்களுக்கு 2026இல் 10 சதவீதம், 2027இல் 20 சதவீதம், 2028 முதல் 30 சதவீதம் கூட்டப்படுகிறது. கணக்குக் கொடுக்காதவர் ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாக இழக்கும்படிதான் இது அமைந்திருக்கிறது. ஜெர்மனிக்காரர் அந்தச் செலவை உங்கள் விலையிலிருந்து கழிக்கப் பார்ப்பார், அல்லது கணக்குக் கொடுக்கும் வேறொரு தயாரிப்பாளரிடம் போய்விடுவார்.

பத்து நாள் போதாது என்று அவருக்குத் தயங்காமல் எழுதுங்கள். அதே கடிதத்தில், உங்கள் சரக்கை அவர் தம் நாட்டுச் சுங்கத்தில் எந்த எட்டு இலக்கக் குறியீட்டில் அறிவிக்கிறார் என்று கேளுங்கள். போல்ட், நட்டு, திருகு ஆகியவை 7318இல் வரும், அது வரிக்குரிய பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. ஆனால் உங்கள் சுங்க முகவர் ஷிப்பிங் பில்லில் (நம் சுங்கத்தில் தரும் ஏற்றுமதி அறிவிப்பில்) போட்டிருக்கும் குறியீடும் அவர் அங்கே போடுவதும் வேறுபட்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எந்தக் குறியீட்டுக்குக் கணக்கு என்பது முடிவாகாமல் தாளை நிரப்பத் தொடங்கினால் எல்லாவற்றையும் மறுபடி செய்யவேண்டியிருக்கும்.

ஆலோசகரை அமர்த்தும் அளவுக்கு எங்கள் தொழிலில் லாபம் இல்லை. சூடேற்றி அடித்து போல்ட் செய்கிறோம். உலைக்கு எரிவாயு சிலிண்டர். இந்த உமிழ்வுக் கணக்கை நாங்களே போட முடியுமா? எதை எழுதிவைக்கவேண்டும்?
— வாசகர், திருமுடிவாக்கம்

போட முடியும். உங்களைப் போன்ற ஓர் ஆலையில் உட்கார்ந்து போட்டுக் காட்டிய அனுபவத்தையே சொல்கிறேன். அந்த ஆலையில் சிலிண்டர் கணக்கு சுவரில் சாக்கட்டியால் எழுதப்பட்டிருந்தது, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. மாதம் முடிந்ததும் மேஸ்திரி ஈரத்துணியால் துடைத்துவிடுவார். பில்கள் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஒரு மதியம் முழுவதும் பில்களைத் தேதிவாரியாக அடுக்கியபிறகு, 47.5 கிலோ சிலிண்டர் ஆண்டுக்கு ஏறக்குறைய 500 என்று தெரிந்தது. அதாவது 23.75 டன் எரிவாயு. ஒரு டன் எல்.பி.ஜி. எரிந்தால் 2.98 டன் கரியமிலவாயு வெளியாகும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட காரணி. பெருக்கினால் ஆண்டுக்கு 71 டன். அந்த ஆண்டு அனுப்பிய போல்ட் 600 டன். ஆக, டன் போல்ட்டுக்கு உலையின் பங்கு 0.12 டன்.

உரிமையாளருக்கு மிகுந்த மகிழ்ச்சி. "இவ்வளவுதானா சார்?" என்றார். நான் கம்பிக் கணக்கைக் கேட்டதும் முகம் மாறியது.

வெட்டுக்கழிவு, கடைசல் கழிவு எல்லாம் போக ஒரு டன் போல்ட்டுக்கு அவர் 1.1 டன் கம்பி வாங்குகிறார். ஊதுலையில் இரும்புத்தாதை உருக்கித் தயாரித்த கம்பியாக இருந்து, அதன் உமிழ்வு டன்னுக்கு 2.4 டன் என்று வைத்துக்கொண்டால், 1.1ஆல் பெருக்க 2.64 வருகிறது. உலையின் 0.12ஐயும் கூட்டினால் 2.76. நூறில் தொண்ணூற்றாறு பங்கு அவருடைய ஆலைக்கு வெளியே, கம்பி உருவான ஆலையில் நடந்துமுடிந்த காரியம். அவர் உலையை எவ்வளவு திறமையாக எரித்தாலும் மிச்சப்படுத்தக்கூடியது அந்த நான்கு பங்கிலிருந்துதான். இந்த நிலையை உணர்ந்தே, 2025இல் கொண்டுவந்த திருத்தத்தில், சில இரும்பு, அலுமினியப் பொருள்களின் இறுதிக்கட்ட வேலைகளில் வெளியாகும் சிறு உமிழ்வைக் கணக்கிலிருந்து விலக்க வழிசெய்திருக்கிறார்கள். உங்கள் குறியீட்டுக்கு அது பொருந்துமா என்பதைச் உங்கள் கணக்கைச் சோதிக்க வரும் சரிபார்ப்பாளரிடம் (அவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) கேட்டுக்கொள்ளுங்கள். பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் கம்பியின் கணக்கு அப்படியே நிற்கும்.

இனி நீங்கள் எழுதிவைக்கவேண்டியவை. முதலாவது, வாங்கிய கம்பி ஒவ்வொன்றுக்கும் எடைச்சீட்டு, இன்வாய்ஸ், மில் டெஸ்ட் சர்டிபிகேட் (கம்பியைத் தயாரித்த ஆலை தரும் பரிசோதனைச் சான்று). அந்தச் சர்டிபிகேட்டில் உள்ள ஹீட் நம்பர் (உலையின் எந்த உருக்கலில் வந்த இரும்பு என்று காட்டும் எண்) எந்த ஏற்றுமதி லாட்டில் போனது என்பதையும் குறித்துவையுங்கள். தரப் பரிசோதனைக்காக இதை ஏற்கெனவே செய்துவருகிறீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, எரிபொருள். சிலிண்டர் பில்லோடு மாதத் தொடக்கத்தில் கையிருப்பில் நிறைந்தவை எத்தனை என்ற எண்ணையும் எழுதுங்கள். அதே வரிசையிலிருந்து கேன்டீன் அடுப்புக்கும் போகிறதென்றால் அதைப் பிரித்து எழுதவேண்டும். டீசலை மூன்றாகப் பிரியுங்கள்: உலைக்குப் போனது, ஜெனரேட்டருக்குப் போனது, ஃபோர்க்லிஃப்ட்டுக்குப் போனது. ஓடும் வண்டிகள் இந்தக் கணக்கில் சேரா. ஜெனரேட்டர் டீசல் மின்சாரத்தின் கணக்கில் போகும். நான் பார்த்த ஆலையில் முதலாளியின் காரும் அதே பீப்பாயிலிருந்து குடித்துக்கொண்டிருந்தது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. மூன்றாவது, ஜாப் ஒர்க்குக்கு வெளியே அனுப்பும் ஹீட் ட்ரீட்மென்ட், முலாம் வேலைகள். அவர்களிடமும் எரிபொருள் விவரத்தைக் கடிதமாக வாங்கிவையுங்கள்.

நம் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, ஐரோப்பியர் கணக்கோ ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஆடிட்டர் தரும் ஆண்டுத் தொகையை அப்படியே எடுத்து நிரப்பிவிட்டு, பிறகு ஷிப்பிங் பில்களோடு பொருந்தவில்லை என்று திணறுபவர்கள் பலர். மாதவாரியாக எழுதிவைத்தால் எந்தப் பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிக்கொள்ளலாம்.

அறிக்கை மட்டும் கொடுத்த காலத்தில் நம்மவர் சிலர் செய்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. எரிவாயு உலை மட்டுமே உள்ள ஓர் ஆலையின் தாளில் எரிபொருள் 'நிலக்கரி' என்று இருந்தது. விசாரித்தால், நண்பரின் ஆலைத் தாளைப் பிரதியெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அப்போது அது யார் கண்ணிலும் படவில்லை. இப்போது உண்மைக் கணக்கு என்று கொடுப்பது எதுவாயினும், ஐரோப்பிய நாடொன்றின் தேசிய அங்கீகார அமைப்பு ஏற்ற சரிபார்ப்பாளர் அதைச் சரிபார்க்கவேண்டும். முதல் முறை அவர் ஆலைக்கே நேரில் வருவார். சுவரில் சாக்கட்டிக் கோடு அவருக்குச் சான்றாகாது.

நாங்கள் கம்பியை ஆலையிலிருந்து நேராக வாங்குவதில்லை. ஜார்ஜ் டவுன் வியாபாரியிடம் அவ்வப்போது கிடைப்பதை வாங்குகிறோம். உமிழ்வுக் கணக்கு கேட்டால், "இரும்பு வேண்டுமா, புகை வேண்டுமா?" என்று சிரிக்கிறார். என்ன செய்வது?
— வாசகர், கொரட்டூர்

அவர் சிரிப்பதில் வியப்பில்லை, இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. ஆனால் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் உண்மையான சிக்கல் உங்களுடையதுதான்.

வியாபாரியிடம் உமிழ்வுக் கணக்கு கேட்காதீர்கள், மில் டெஸ்ட் சர்டிபிகேட்டை மட்டும் கேளுங்கள். அது இல்லாமல் ஏற்றுமதி லாட்டுக்கான கம்பியை வாங்குவதில்லை என்று முடிவு செய்யுங்கள். சர்டிபிகேட்டில் ஆலையின் பெயரும் ஹீட் நம்பரும் இருக்கும். அந்த ஆலைக்கு நீங்களே எழுதலாம். ஐரோப்பாவுக்கு நேரடியாக உருக்கு விற்கும் பெரிய ஆலைகள் தங்கள் தேவைக்காகவே இந்தக் கணக்கைத் தயாரித்தாகவேண்டிய நிலையில் உள்ளன. மூன்றாம் நாட்டு ஆலைகள் தம்மைப் பதிவுசெய்து, சரிபார்க்கப்பட்ட அளவை ஏற்றிவைக்க ஐரோப்பிய ஆணையத்தின் பதிவேட்டில் தனிப் பகுதி இருக்கிறது. ஆலை அதில் ஏற்றிவைத்திருந்தால் அந்த அளவை உங்கள் கணக்கில் எடுத்தாளலாம்.

சில்லறை அளவில் வாங்கும் ஒருவர் தனியாக எழுதினால் பதில் வராமல் போகலாம். அதே ஆலையின் கம்பியை வாங்கும் நான்கைந்து பேர் தொழிற்பேட்டைச் சங்கத்தின் தாளில் எழுதினால் வரும். பொறியியல் ஏற்றுமதி மேம்பாட்டுக் குழுமத்துக்குச் சென்னையில் மண்டல அலுவலகம் உண்டு, கிண்டியில் மத்திய அரசின் குறு, சிறு தொழில் வளர்ச்சி அலுவலகமும் உண்டு. உறுப்பினர்களின் இத்தகைய கோரிக்கையை மேலே எடுத்துச்செல்வது அவர்களின் வேலைதான். தயங்காமல் கேளுங்கள்.

பல ஆலைகளின் கம்பியைக் கலந்து வாங்குவதைக் குறைத்துக்கொள்வதும் அவசியம். ஏற்றுமதிக்கு ஓர் ஆலை, உள்ளூருக்கு எது கிடைத்தாலும் என்று பிரித்து, தனித்தனி ரேக்கில் அடுக்கிவையுங்கள். கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கூடுதலாகும் என்பது உண்மை. அதை எதோடு ஒப்பிடுவது என்பதற்கு மேலே சொன்ன 2.76 டன் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பிய உள்நாட்டு ஆலைகளுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு உமிழ்வு இலவசமாக ஒதுக்கப்படுகிறது, அதற்கு ஈடான அளவு இறக்குமதிச் சரக்குக்கும் கழிக்கப்படுகிறது. அந்த ஒப்பீட்டு அளவு, உதாரணத்துக்காக, 1.4 டன் என்று கொள்வோம். 2026இல் அந்த ஒதுக்கீட்டில் 2.5 சதவீதம் மட்டும் குறைகிறது, ஆகவே 1.365 டன் கழிந்து மீதி 1.395 டன்னுக்குத்தான் வரி. சான்றிதழ் 75 யூரோ என்றால் டன் போல்ட்டுக்கு ஏறக்குறைய 105 யூரோ. 2030இல் ஒதுக்கீட்டில் 48.5 சதவீதம் போய்விடும். அதே போல்ட்டுக்கு 153 யூரோ. 2034இல் ஒதுக்கீடே இல்லை, 207 யூரோ. கழிவிரும்பை மின்னுலையில் உருக்கிய கம்பிக்கு உமிழ்வு அரை டன் என்றால், போல்ட்டின் கணக்கு 0.67 டன்னில் நிற்கும். உங்கள் பொருளின் தரத்துக்கு அந்தக் கம்பி பொருந்துமா என்பது வேறு கேள்வி, அதை உங்கள் தரப் பிரிவுதான் சொல்லவேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் இண்டக்ஷன் ஃபர்னஸ் (மின்சாரத்தால் சூடேறும் உலை) வைத்து உருக்குகிறோம். மின்சாரத்தில் பெரும்பகுதி சொந்தக் காற்றாலையிலிருந்து வருகிறது. எங்களுக்கு வரி ஏறக்குறைய இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், கும்மிடிப்பூண்டி

காற்றாலையை வைத்து அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் இப்போதைய விதிப்படி ஆலையின் நேரடி உமிழ்வும் மூலப்பொருளின் உமிழ்வும் மட்டுமே வரிக்கணக்கில் வருகின்றன. வாங்கிய மின்சாரம் நிலக்கரியில் பிறந்ததா, ஆரல்வாய்மொழிக் காற்றில் பிறந்ததா என்பது இந்த இரண்டு துறைக்கும் வரியை மாற்றாது. சிமென்ட்டுக்கும் உரத்துக்கும் மின்சாரமும் சேரும். காற்றாலைக்கு முதல் போட்டவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் மின்வாரியக் கட்டணத்தில் மிஞ்சுவது மிஞ்சுவதுதான். வரியில் கழியும் என்று வாடிக்கையாளருக்கு வாக்களிக்காமல் இருந்தால் போதும்.

உங்களுக்குச் சாதகமான விஷயம் உலையில்தான் இருக்கிறது. உலையில் எரிபொருள் எரிவதில்லை என்பதால் நேரடி உமிழ்வு குறைவு. கழிவிரும்புக்கு மூலப்பொருள் உமிழ்வு பூஜ்யம் என்று கொள்ளப்படுகிறது. ஆனால் உலையில் ஸ்பாஞ்ச் அயர்ன் (இரும்புத்தாதை உருக்காமலே ஆக்ஸிஜனை நீக்கி எடுக்கும் இரும்பு) எவ்வளவு போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, எல்லாம் அதைப் பொறுத்தது. நம் நாட்டு ஸ்பாஞ்ச் அயர்னில் பெரும்பகுதி நிலக்கரியில் தயாராவது, அதன் உமிழ்வு மிக அதிகம், அது அப்படியே உங்கள் கணக்கில் ஏறிவிடும். சந்தையில் கழிவிரும்பு விலை ஏறும்போது ஸ்பாஞ்ச் அயர்ன் விகிதத்தைக் கூட்டுவது எல்லோரும் செய்வதே. ஏற்றுமதிக்குப் போகும் பொருளைத் தயாரிப்பவருக்கு நீங்கள் உருக்கு விற்பதானால், ஒவ்வொரு ஹீட்டுக்கும் எது எத்தனை டன் போட்டீர்கள் என்ற சார்ஜ் ஷீட்டைக் கிழித்துப்போடாமல் வையுங்கள். கொரட்டூர் வாசகர் தேடிக்கொண்டிருப்பது அந்தத் தாளைத்தான்.

எங்கள் ஏற்றுமதி ஆண்டுக்குப் பன்னிரண்டு டன்தான். ஐம்பது டன்னுக்குக் கீழ் இருந்தால் எதுவும் தேவையில்லை என்று கேள்விப்பட்டோம். சரியா?
— வாசகர், கிண்டி

பாதி சரி. 2025 திருத்தம் கொண்டுவந்த ஐம்பது டன் வரம்பு இறக்குமதியாளருக்கு உரியது. அவர் ஓர் ஆண்டில் உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் கொண்டுவரும் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரப் பொருள்கள் அனைத்தையும் கூட்டிப் பார்க்கவேண்டும். உங்கள் பன்னிரண்டு டன்னை வாங்குபவர் மொத்தத்தில் மூவாயிரம் டன் இறக்குமதி செய்பவர் என்றால் உங்கள் சரக்குக்கும் கணக்கு தேவை. மாறாக, நீங்கள் அறுபது டன் அனுப்பி, அதை நான்கு சிறு வியாபாரிகள் பிரித்து வாங்கி, அவர்களுக்கு வேறு இறக்குமதி இல்லையென்றால் யாருக்கும் கணக்கு தேவைப்படாது. வரம்புக்குள் நிற்பதற்காகவே ஒரே வாடிக்கையாளர் நான்கு பெயரில் வாங்குவது விதிமீறல், அதற்குத் துணைபோகாதீர்கள். "நீங்கள் வரம்புக்கு மேலா, கீழா?" என்று வாடிக்கையாளரிடம் ஒரு வரியில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஒரு கருத்தரங்கில், மூன்று லட்சம் ரூபாய்க்கு 'சிபாம் சர்டிபிகேட்' வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். கூடவே மரக்கன்று நட்டுக் கார்பன் கிரெடிட் வாங்கினால் வரி கழியும் என்றார்கள். நம்பலாமா?
— வாசகி, பெரம்பூர்

வேண்டாம், அம்மா. இந்தச் சட்டத்தில் சான்றிதழ் என்பது ஐரோப்பிய இறக்குமதியாளர் அங்குள்ள பொதுத் தளத்தில் பணம் கட்டி வாங்குவது. சென்னையில் அதை யாரும் விற்க முடியாது. அவர்கள் விற்பது ஒருவேளை ஆலோசனையாக இருக்கலாம், அதற்கு அந்தப் பெயரை வைப்பதே சந்தேகத்துக்கு இடமளிக்கிறது. மரக்கன்று நடுவது நல்ல காரியம், ஆனால் அதனால் ஒரு யூரோவும் கழியாது.

முன்பு சொன்ன இலவச ஒதுக்கீட்டைத் தவிர, கழிவதற்கு இடமுள்ளது ஒன்றே: ஏற்றுமதி செய்யும் நாட்டில் சட்டப்படி உண்மையிலேயே செலுத்தப்பட்ட கார்பன் விலை. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புத் திருத்தச் சட்டத்தை அடுத்து, 2023இல் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அலுமினியம், சிமென்ட் உள்ளிட்ட துறைகளின் பெரிய ஆலைகளுக்கு 2025இல் உமிழ்வு இலக்குகள் நிர்ணயிக்கப்பட்டன. உங்களைப் போன்ற சிறு ஆலைகள் அதில் வரவில்லை.

உலையின் எரிபொருள், கழிவு விகிதம், கம்பி யாரிடம் வாங்குகிறோம் என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்தால், வாடிக்கையாளர் எங்கள் அடக்கவிலையைக் கணக்கிட்டு விலையைக் குறைக்கமாட்டாரா?
— வாசகர், காக்களூர்

குறைக்கப் பார்ப்பார். ஆகவே முழுத் தாளையும் அனுப்பவேண்டாம். ஆணையத்தின் எக்செல் படிவத்தில் வாடிக்கையாளருக்கு அனுப்புவதற்கென்றே சுருக்கத் தாள் ஒன்று தனியாக இருக்கிறது. பொருள்வாரியாக இறுதி அளவுகள் அதில் வரும். உள்விவரம் சரிபார்ப்பாளரின் பார்வைக்குப் போதும். நீங்களே ஐரோப்பியப் பதிவேட்டில் ஆலையைப் பதிவுசெய்துகொண்டால், எந்த வாடிக்கையாளருக்கு எதைத் திறந்துகாட்டுவது என்பது உங்கள் கையில் இருக்கும். ஒப்பந்தத்தில், "வரியினால் ஏற்படும் எந்தச் செலவும் விற்பவரைச் சேரும்" என்று ஒரு வரி மெல்ல நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் கையெழுத்துக்கு முன், நீங்கள் கொடுத்த அளவு தவறாக இருந்தால் மட்டுமே பொறுப்பு என்று திருத்தக் கேளுங்கள்.

பல்லாவரத்தில் தோல் பொருள் தயாரிக்கிறோம். என் தம்பி ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்து ஐரோப்பாவுக்கும் இங்கிலாந்துக்கும் அனுப்புகிறான். எங்கள் இருவருக்கும் இது உண்டா?
— வாசகர், பல்லாவரம்

தோலுக்கு இல்லை. தற்போதைய பட்டியலில் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவையே உள்ளன. உங்கள் தம்பி அனுப்புவது வாகன உதிரிபாகம் என்ற அத்தியாயத்தில் அறிவிக்கப்படுகிறதா, 7318, 7326 போன்ற இரும்புப் பொருள் குறியீட்டில் அறிவிக்கப்படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் வகை இப்போது பட்டியலில் இல்லை, இரண்டாவது இருக்கிறது. இரும்பும் அலுமினியமும் மிகுந்த ஏறக்குறைய 180 பொருள்களை 2028 முதல் சேர்க்கலாம் என்று ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்திருக்கிறது. இங்கிலாந்து தனக்கென்று வேறொரு கார்பன் எல்லை வரியை 2027 ஜனவரி 1 முதல் கொண்டுவருகிறது. அதற்கும் கம்பியின் சர்டிபிகேட் தேவைப்படும். இரண்டு நாட்டுக்கும் ஒரே ரேக்கிலிருந்து சரக்குப் போகிறதென்றால், இப்போதிருந்தே தம்பி எழுதிவைப்பது நல்லது.